கோவில்பட்டிக்குக் குடிவரப் போற மருமகனுக்கு

சென்னையில பத்தாவது மாடியில குடியிருக்கவனுக்குத்தான் மண்வாசனை மூக்கைத் துளைக்கும், மருமகனே. இந்த மண்ணுலேயே கிடக்க எங்களுக்கு அது வெறும் புழுதி. அத்தை சொன்னா, நீ வீட்டுல இருந்தே வேலை பாக்கலாம்னு கம்பெனியில சொல்லிட்டாகளாம், அதனால பொண்டாட்டி பிள்ளையோட கோவில்பட்டிக்கே வந்துரப் போறியாம். காத்து நல்லாருக்குமாம், செலவு கம்மியாம், மனசு அமைதியா இருக்குமாம். மூணும் சரிதான், நான் மறுத்துப் பேசலை. ஆனா மூணுக்கும் பின்னால ஒவ்வொரு வால் இருக்கு. அத்தை அதைச் சொல்லியிருக்க மாட்டா. நீ எப்படியாவது வந்து சேந்தாப் போதும்னு இருக்கா அவ. எனக்கு அப்படி ஒண்ணும் அவசரம் இல்லை. அதனால உள்ளதைச் சொல்லுதேன்.

காத்து நல்லாருக்குங்கிறது நூத்துக்கு நூறு உண்மை. கயத்தாறு தாண்டும்போது ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் காத்தாடி மரம் மரமா நிக்கிறதைப் பாத்திருப்பே. காத்து இல்லாத ஊருல எவனும் கோடியைக் கொட்டி அதை நட்டு வைக்க மாட்டான். ஆனி, ஆடியில அடிக்கிற மேகாத்துல நீ மொட்டைமாடியில சட்டையைக் காயப்போட்டா, சாயங்காலம் அதை எவன் போட்டுக்கிட்டு டீக்கடையில நிக்கான்னுதான் தேடணும். ஜன்னலைத் திறந்தா காத்து வரும், கூடவே ஒரு காட்டுப் புழுதியும் வந்து உன் கம்ப்யூட்டர் மேல உக்காரும். பங்குனி சித்திரையில அதே காத்தைக் காசு குடுத்தாலும் வாங்க முடியாது.

அடுத்து இந்த அமைதி. நீ காலையில கைலியோட திண்ணையில உக்காந்து காதுல ஒண்ணை மாட்டிக்கிட்டு இங்கிலீசுல பேசுவே. மொத நாளு தெருவுல எல்லாரும் பாப்பாக. ரெண்டாம் நாளு எதிர்வீட்டு ஆச்சி வந்து, "லீவா ய்யா?"ன்னு கேப்பா. ஒரு வாரம் கழிச்சு அதே ஆச்சி, குரலை இறக்கி, "வேலை போயிருச்சாமே"ன்னு அத்தைகிட்டக் கேப்பா. வீட்டுல இருந்தே வேலை பாக்கான்னு அத்தை சொன்னா நம்பமாட்டாக. மருமகனை விட்டுக் குடுக்காமப் பேசுதான்னு அவளை மெச்சிக்கிட்டுப் போவாக. மாசம் பொறந்தா சம்பளம் வருதுங்கிறதை நிரூபிக்க ஒரே வழி, காலையில எட்டரை மணிக்குச் சட்டையை இன் பண்ணிக்கிட்டு வண்டியை எடுத்து ஒரு சுத்துச் சுத்திட்டு வர்றதுதான். மாசத்துக்கு ஒரு நாளு பராமரிப்புன்னு காலையில இருந்து கரண்டை நிறுத்துவான். அன்னைக்கு நீ நிஜமாவே வேலையில்லாதவன்தான். ஆச்சி வந்தா மறுக்காதே.

இப்போ வீடு. வாடகைக்கு வீடு பாக்கப் போனா உன் சம்பளச் சீட்டை எவனும் கேக்க மாட்டான். "தம்பிக்கு எந்த ஊரு?"ம்பான். நீ வெள்ளந்தியா, "சென்னைல இருந்து வாரேன்"ம்பே. "அது சரி, பூர்வீகம்?"ம்பான். அப்பா ஊரைச் சொல்லுவே. "அங்கன எந்தத் தெரு?"ம்பான். தெருவையும் சொல்லுவே. "குலசாமி எதுய்யா?"ன்னு பைய ஒரு தூண்டிலைப் போடுவான். அதுக்கும் பதில் சொல்லிட்டேன்னா உன் ஏழு தலைமுறையையும் அவன் எழுதி முடிச்சிட்டான்னு அர்த்தம். அவன் கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணுதான், அதை வாயைத் திறந்து கேக்காம நாலு கேள்வியா மடிச்சுக் கேக்கான். படிச்சவன், நாகரிகமானவன். பெறவு, "கவுச்சி சமைப்பீகளா?"ன்னு ஒண்ணு வரும். அதுக்கு நீ யோசிச்சுப் பதில் சொல்லு. யோசிச்சது தெரியாமச் சொல்லு. இந்தக் கேள்வியெல்லாம் சென்னையில கேக்க மாட்டாகன்னு நீ சொல்லப்போறே. அங்கனயும் கேக்காக மருமகனே, நடுவுல ஒரு புரோக்கரை வச்சுக் கேக்காக.

சரி, வாடகை வேண்டாம், மனை வாங்கிக் கட்டிருவோம்னு உனக்கு ஒரு ரோசம் வரும். எட்டயபுரம் ரோடு, பசுவந்தனை ரோடு, கடலையூர் ரோடுன்னு எங்கிட்டுப் போனாலும் காட்டுக்குள்ள மஞ்சளும் சிவப்புமாக் கல்லு நட்டுக் கொடி கட்டியிருக்கும். போன வருசம் உளுந்து விளைஞ்ச இடம் இந்த வருசம் ஏதாவது ஒரு நகராயிருக்கும். புரோக்கர் உன்னைச் சித்திரை மாசம் கூட்டிட்டுப் போவான், கார்ல ஏசி போட்டு. தரை காஞ்சு கட்டாந்தரையா இருக்கும். "பஸ் ஸ்டாண்டு பத்து நிமிசம்"ம்பான். எந்த வண்டியிலன்னு கேட்டுக்கோ. இந்த மாமா பேச்சைக் கேக்குறதா இருந்தா, மனை பாக்க ஐப்பசி கார்த்திகையில வா. மழை ரெண்டு நாளு விடாமப் பேஞ்ச மறுநாளு, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு, நீயா நடந்து போய்ப் பாரு. ஓடை எது, கண்மாய் உள்வாய் எது, மனை எதுன்னு தண்ணியே வந்து காட்டிக் குடுக்கும். பத்திரத்துல இல்லாததெல்லாம் அன்னைக்குத் தெரியும். வில்லங்கம், பட்டா, டிடிசிபி அப்ரூவல் எல்லாம் அதுக்கப்புறம் பாரு.

அதுலயும் இது கரிசல் மண்ணு. உங்க அத்தையோட சம்பந்தி மாதிரி. மழை பேஞ்சா உப்பும், வெயில் அடிச்சா வெடிக்கும், ரெண்டுக்கும் நாமதான் தோதுபண்ணிப் போகணும். கோடையில காட்டுக்குள்ள விழுகிற வெடிப்புல என் கைத்தடி பாதி இறங்கும். நாலடி வானம் தோண்டிக் கல்லுக் கட்டி அது மேல வீட்டை உக்கார வச்சிட்டேன்னா, மொத மழைக்கு வீடு லேசா மேல எந்திரிக்கும், அடுத்த கோடைக்குக் கீழ இறங்கும். ஜன்னல் மூலையில இருந்து கோணலா ஒரு வெடிப்பு கிளம்பும். நீ பூசுவே. அது அடுத்த வருசம் அந்தப் பக்கம் கிளம்பும். கருப்பு மண்ணை முழுசா வெட்டியெடுத்து, சரள் தட்டுற வரைக்கும் போய், கீழ ஒரு கான்கிரீட் பெல்ட், மேல ஒரு பெல்ட்டுன்னு போடணும். ஆழம் ரொம்பப் போச்சுன்னா அடியில குடம் மாதிரி அகலமாகுற தூணைத் துளைபோட்டு இறக்கச் சொல்லுவான் இன்சினியரு. செலவைக் கேட்டா, பூமிக்குள்ள ஒரு வீடு, மேல ஒரு வீடுன்னு தோணும். நம்ம வீடு சரள் கண்டு கட்டினது. ஒரு வெடிப்புக் கிடையாது. சும்மா சொல்லுதேன்.

இந்த மண்ணைப் புரிஞ்சிக்கிடணும்னு வெள்ளைக்காரன் 1901-லயே கோவில்பட்டியில ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணையைத் தொடங்கினான். இன்னும் ஆராய்ஞ்சுக்கிட்டுத்தான் இருக்காக. நீ யூடியூப்ல நாலு வீடியோ பாத்துட்டு, ரெண்டு ஏக்கர் வாங்கி இயற்கை விவசாயம் பண்ணப் போறேங்கே. தாராளமாப் பண்ணு. இங்கன ஆறு கிடையாது, வாய்க்கா கிடையாது. புரட்டாசியில வானத்தைப் பாத்து விதைக்கணும். முந்தி விதைச்சா மழை பிந்தும், பிந்தி விதைச்சா முந்தும். உளுந்து, பாசி, பருத்தி, கம்பு, சோளம், மல்லி, மிளகாய்னு எல்லாம் வரும், வானம் மனசு வச்சா. மக்காச்சோளம் போட்டோம், 2018 வாக்குல படைப்புழுன்னு ஒண்ணு வந்து குருத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு எங்களுக்கு முந்தியே மகசூல் எடுத்துச்சு. அது விட்டதைக் காட்டுப்பன்னி பாத்துக்கிடும். அதுகளுக்கு இயற்கை விவசாயம்னா உசுரு.

தண்ணிக்கு வருவோம். இதைத்தான் நீ மொதல்ல கேட்டிருக்கணும். நீ கேட்டது இன்டர்நெட் ஸ்பீடு. இங்கன போர் போட்டா பல இடத்துல உப்புத்தான் வரும். அதுல துவைச்ச வெள்ளை வேட்டி ஒரு மாசத்துல வேற நிறமாயிரும், சோப்பு நுரைக்கணும்னா அதைக் கெஞ்சணும். குடிக்கிற தண்ணி தாமிரபரணித் தண்ணி. சீவலப்பேரியில ஆத்துல எடுத்து, இம்புட்டுத் தூரம் குழாயில ஏத்திக் கொண்டாராக. தாமிரபரணித் தண்ணியோட ருசிக்கு ஈடு கிடையாது, அதுல மாமா பொய் சொல்லமாட்டேன். ஆனா அது தினமும் வராது. வர்ற அன்னைக்கு ஊரே வேற மாதிரி இருக்கும். அன்னைக்கு நல்லது கெட்டது எதுவும் பேசாதே. பொண்ணு பாக்கப் போகாதே, கடன் கேக்கப் போகாதே, போன் அடிச்சா எடுக்கலையேன்னு கோவப்படாதே. எல்லாரும் மோட்டார்கிட்ட நிப்பாக. வீட்டோட அழகை ஹால்ல பாக்காதே, தொட்டியை எட்டிப் பாரு. சின்னத் தொட்டி உள்ள வீட்டுல பெரிய டிவி இருந்து என்ன செய்ய? நம்ம வீட்டுத் தொட்டிக்குள்ள ஏணி போட்டு இறங்கணும். அதுவும் சும்மா சொல்லுதேன்.

போக்குவரத்து சொகம்தான். மதுரை நெல்லை மெயின் லைன்ல இருக்கோம், 1876-லயே ரயிலைப் பாத்த பாதை. ராத்திரி ஏறினா விடிய சென்னை. மதுரை 100 கிலோமீட்டர், தூத்துக்குடியும் திருநெல்வேலியும் அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. ஒரே ஒரு சூதானம் வேணும். ஊருக்குள்ள ஒரு பஸ் ஸ்டாண்டு, பைபாஸ்ல ஒரு பஸ் ஸ்டாண்டு. "கோவில்பட்டி போகுமா?"ன்னு கேட்டு ஏறுறவன் புதுசு. "ஊருக்குள்ள போகுமா?"ன்னு கேட்டு ஏறுறவன்தான் கோவில்பட்டிக்காரன். ராத்திரி ஒரு மணிக்குப் பைபாஸ்ல இறக்கிவிட்டான்னா நாயும் நீயும்தான். தலைவலி காய்ச்சலுக்கு உள்ளூர் ஆஸ்பத்திரி போதும். அதுக்கு மேலன்னா நெல்லை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, இல்லைன்னா மதுரை. கலெக்டரைப் பாக்கணும்னா தூத்துக்குடி போகணும், பாக்காம இருக்கிறது உத்தமம்.

செலவு கம்மிங்கிறே. காய்கறி, வாடகை, பள்ளிக்கூடப் பீஸ் எல்லாம் உன் ஊரை விடக் கம்மிதான். மொய் மட்டும் கூட. நீ சாமானை இறக்கி முடிக்கிறதுக்குள்ள பத்திரிகை வந்துரும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை, அறுபதாங் கல்யாணம். உனக்கு ஆளையே தெரியாது, ஆனா உங்க தாத்தா அவுக வீட்டுக்கு அஞ்சு ரூவா எழுதினது நோட்டுல இருக்கும். இந்த ஊருல பழைய பத்திரம் தொலையும், பழைய மொய் நோட்டு தொலையாது. பங்குனித் திருவிழாவுக்குச் செண்பகவல்லி அம்மன் கோவில்ல ஏப்ரல் மொத வாரம் கொடி ஏறும், ஒம்பதாம் நாளு தேரு. அதுக்கு வந்துரு. அன்னைக்கு வடம் பிடிக்கிற கூட்டத்துல எவனும் உன்னை எந்த ஊருன்னு கேக்கமாட்டான், கேக்க நேரம் இருக்காது. அதுக்குப் பெறவு தெருக்கோயில் கொடைகள் வரிசையா வரும், மைக்செட்டுக் குழாயை உன் ஜன்னலுக்கு நேராத்தான் கட்டுவான். இங்கிலீசுல பேசுறவன் வீடுன்னு ஒரு மரியாதை.

காசு விசயத்துல இந்த ஊரை லேசா எடைபோட்டுராதே. தீப்பெட்டி ஆபீசு நடத்துற ஊரு இது. 2007-ல அம்பது காசுல இருந்து ஒரு ரூவாயாக்கின தீப்பெட்டியை, 2021 டிசம்பர்லதான் ரெண்டு ரூவாயாக்கினாக. நடுவுல 14 வருசம். பெட்ரோல், பால், பருப்பு எல்லாம் எங்கெங்கயோ போச்சு, இது அசையாம நின்னுச்சு. குச்சிக்குக் குச்சி கணக்குப் பாத்து ஜீவிச்சவன் முன்னால போய், "சென்னையில இது இன்னும் கூட விலைங்க"ன்னு வாயை விட்டுராதே. அடுத்த தடவை உனக்குச் சென்னை விலைதான். இன்னொண்ணு, டீக்கடையில எவனாவது நெருப்புக் கேட்டா பாக்கெட்ல இருந்து பிளாஸ்டிக் லைட்டரை எடுத்து நீட்டிராதே. நல்ல மனசோட செஞ்சாலும் அது இங்கன குத்தம். 20 ரூவாய்க்குக் கீழ உள்ள லைட்டரை வெளிநாட்டுல இருந்து இறக்கக்கூடாதுன்னு 2023-ல டெல்லியில உத்தரவு போட்டாகளே, அதுக்கு மனுப்போட்டு நடையா நடந்ததுல இந்த ஊர்க்காரகளும் உண்டு. சிகரெட்டையே விட்டுரு, அது சுலபம்.

கடலைமிட்டாயைப் பத்தி நீ பேசாம இருக்கிறதுதான் நல்லது. 2020-ல புவிசார் குறியீடு வாங்கினதுல இருந்து எங்களுக்குக் கொஞ்சம் கழுத்து விறைச்சிருக்கு. நிலக்கடலை, வெல்லம், பாகு பதம், அம்புட்டுத்தான். ஆனா எந்தக் கடை அசல்னு கேட்டா வீட்டுக்கு ஒரு பதில் சொல்லுவாக. புருசன் ஒரு கடை, பொண்டாட்டி ஒரு கடைன்னு இருக்கிற வீடும் உண்டு. நீ எந்தக் கட்சியிலயும் சேராதே. இதுல வேற சங்கடம் என்னன்னா, இங்கன குடிவந்த பெறவு நீ சென்னைக்குப் போற ஒவ்வொரு தடவையும் உன் கம்பெனிக்காரன் பூரா, "வரும்போது கடலைமிட்டாய்"ம்பான். நீ மிச்சம் பிடிச்ச வாடகை அதுல போகும்.

டீக்கடையிலயும் பாத்துப் பேசு. பக்கத்துல ஒரு மனுசன் ஒண்ணும் பேசாம டீயை ஆத்திக்கிட்டு உக்காந்திருந்தா, அவரு அநேகமா கதை எழுதுறவரா இருப்பாரு. இடைசெவல்னு ஒரு சின்னக் கிராமம், இங்கன இருந்து எட்டிப் பாத்தாத் தெரியும். அங்கன ரெண்டு பேரு, கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும், ரெண்டு பேருக்கும் சாகித்ய அகாடமி. அப்புறம் 2014-ல பூமணி 'அஞ்ஞாடி'க்கு வாங்கினாரு, 2019-ல சோ. தர்மன் 'சூல்' எழுதி வாங்கினாரு. மழை பேயாத மண்ணுல இதுதான் மகசூல். நீ வந்து ஒரு மாசத்துல எவராவது உன்னை ஒரு கதையில போட்டுருவாரு. வேலை போனதை மறைக்கிற மருமகன்னு. அதுல ஒரு விசயம் பாரு, கரிசலைப் பத்தி ஊரு உலகத்துக்கெல்லாம் சொன்ன கி.ரா.வே பின்னால புதுச்சேரிக்குக் குடிபோயிட்டாரு. அங்கன யுனிவர்சிட்டியில பேராசிரியரா உக்காந்தாரு. 2021-ல அங்கனதான் கண்ணை மூடினாரு. கொண்டாந்து இடைசெவல்ல அரசு மரியாதையோட அடக்கம் பண்ணினாக, கோவில்பட்டியில மணிமண்டபமும் கட்டினாக. கரிசலை எழுதினவரு கடக்கரைக்குப் போனாரு. கடக்கரையில இருந்து நீ கரிசலுக்கு வாரே. எதுக்கும் உன் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ.

பிள்ளையைப் பத்திக் கவலைப்படாதே. அவன் கையில செல்போனுக்குப் பதிலா ரெண்டே மாசத்துல ஹாக்கி மட்டை ஏறிரும். இந்த ஊருல மட்டையும் பந்தும் தெருத்தெருவாக் கிடக்கு. இங்கன விளையாட்டு விடுதியில பயிற்சி எடுத்த பயலுக 2022 ஆசியக் கோப்பைக்கு இந்திய டீம்ல போய் ஆடினாக. லீவு நாள்ல கழுகுமலைக்குக் கூட்டிட்டுப் போ. மலையை மேல இருந்து கீழ குடைஞ்சு செஞ்ச வெட்டுவான் கோயிலைக் காட்டு. முழுசா முடிக்காம விட்ட வேலை. ஆயிரம் வருசத்துக்கு மேலாச்சு. கொத்தனார் நாளைக்கு வாரேன்னு சொல்லிட்டுப் போனவருதான்னு நாங்க பேசிக்கிடுவோம். வீடு கட்டும்போது உனக்கு அது நல்லா விளங்கும். சனிக்கிழமைன்னா எட்டயபுரம் ஆட்டுச்சந்தை. அங்கன வேடிக்கை பாரு, விலை கேக்காதே. கேட்டா ஆட்டோடதான் வீட்டுக்கு வருவே.

இம்புட்டையும் சொன்னது உன்னை வரவேண்டாம்னு சொல்லுறதுக்கு இல்லை. வாடகைக்குப் போனாக் குலசாமி வரைக்கும் சொல்லணும், மனை வாங்கினாச் சரள் வரைக்கும் தோண்டணும், பைபாஸ் பக்கம் போனா நாயோட பேசணும், எங்க போனாலும் தொட்டி சின்னதா இருக்கும். நீயே யோசிச்சுப் பாரு. நம்ம மாடி போர்ஷன் போன தையில இருந்து சும்மாத்தான் பூட்டிக் கிடக்கு. ரெண்டு பெட்ரூம், மேகாத்து நேரா உள்ள வரும், குலசாமியை எனக்கே தெரியும். கவுச்சி சமைச்சா ஒரு கிண்ணம் கீழ வரணும், அம்புட்டுத்தான் கண்டிசன். வாடகையை அத்தைகிட்டப் பேசாதே. அவ இரக்கத்துல என்னமாவது சொல்லி வச்சிருவா, பெறவு நான் கெட்டவனாகணும். எங்கிட்டப் பேசு. அட்வான்ஸ் பத்து மாசம், உங்க சென்னை வழக்கந்தான், சொந்தக்காரன்னு உன்னைக் குறைச்சு நடத்த எனக்கு மனசு வரலை. கரண்டு தனி மீட்டரு. தண்ணி வர்ற அன்னைக்கு, அது ராத்திரி மூணு மணின்னாலும், எந்திரிச்சு மோட்டார் போடுறது மட்டும் மாடியில இருக்கவன் பொறுப்பு.